வரப்பும் விரதமும்



வந்தவாசி வட்டத்தில், ஏரிப்பாசனத்தை நம்பி வாழும் சிற்றூர் ஒன்றில் பிறந்தவள் நான். என் சிறுவயதில் எங்கள் ஊரில் அடுத்தடுத்து நிலம் உடைய உழவர் இருவர் இருந்தனர். இரு நிலங்களுக்கும் நடுவே ஒரு வரப்பு. நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து எதிரெதிரே வரும் இருவர் ஒதுங்கிச் செல்லத்தக்க அகலமான வரப்பு அது. ஒவ்வோர் ஆண்டும் நடவுக்கு முன் அண்டை வெட்டும்போது, ஒருவர் தம் பக்கத்தில் சிறிது கூடுதலாகச் செதுக்குவார். அதைக் கண்ட மற்றவர், அடுத்த போகத்தில் தம் பக்கத்தில் அவ்வாறே செதுக்குவார். சில ஆண்டுகளில் அவ்வரப்பு ஒருவர் கால்வைத்து நடக்கவும் இடமின்றி மெலிந்துவிட்டது. ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு அது உடைந்தது. இருவர் பயிரும் நீரில் மூழ்கி அழுகின.

ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் அழைத்து, ஏன் இவ்வாறு செய்தீர்கள் எனக் கேட்டனர். இருவரும் தனித்தனியே சொன்ன விடை ஒன்றே. "நான் எடுக்காவிட்டால் அவர் எடுத்துக்கொள்வார்." நெல் போதவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த அரைச் சாண் மண்ணில் விளையும் நெல் எவர் வீட்டுக் குதிரையும் நிரப்பாது என்பதை இருவருமே அறிவர்.

வடதுருவப் பகுதியின் மீது வல்லரசுகள் உரிமை கொண்டாடிப் போட்டியிடும் செய்திகளை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரப்பே நினைவுக்கு வருகிறது. மரமில்லாத, உழவில்லாத, ஆண்டில் பல திங்கள் கதிரவனையே காணாத அப்பனிவெளியை இத்துணைப் பெரிய நாடுகள் ஏன் விரும்ப வேண்டும்? விரும்புவது அறமா? அவர்களைக் குறைகூறும் தகுதி நமக்கு உண்டா? இவற்றைச் சற்றுச் சிந்திப்போம்.

வெண்மையாக விடப்பட்ட இடம்

ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு உலகப் படத்தை வைத்துப் பாடம் நடத்தக் கற்பிக்கும்போது, நான் முதலில் அப்படத்தின் குறையைக் காட்டுவது வழக்கம். சுவரில் மாட்டும் படங்கள் பலவற்றில் வடக்குப் பகுதி அளவுக்கு மீறி விரிந்து தோன்றும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகக் காணப்படும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. உருண்டையான பூகோளத்தை எடுத்து அதன் உச்சியிலிருந்து நோக்கினால்தான் உண்மை விளங்கும். அங்கே நடுவில் ஒரு கடல். அதைச் சூழ்ந்து ரஷ்யா, கனடா, அமெரிக்காவின் அலாஸ்கா, டென்மார்க்குக்கு உட்பட்ட கிரீன்லாந்து, நார்வே ஆகியவை ஏரிக்கரை ஊர்களைப் போல அமர்ந்திருக்கும். படத்தின் இரு கோடிகளில் நாம் காணும் ரஷ்யாவும் அமெரிக்காவும் பெரிங் நீரிணையில் 85 கிலோமீட்டர் அளவே விலகியுள்ளன. அந்நீரிணையில் உள்ள இரு சிறு தீவுகளுள் ஒன்று ரஷ்யாவுக்கும் மற்றொன்று அமெரிக்காவுக்கும் உரியது. அவற்றிடையே நான்கு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை.

தென்துருவம் பனியால் மூடப்பட்ட நிலம். அதனைச் சுற்றிலும் கடல். வடதுருவமோ பனியால் மூடப்பட்ட கடல். அதனைச் சுற்றிலும் நிலம். அக்கடலின் பரப்பு சுமார் 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர். பன்னெடுங்காலம் அதை மூடியிருந்த பனியே அதற்குக் காவலாயிருந்தது. இப்போது அக்காவல் தளர்ந்துவருகிறது. 1980-களில் கோடையின் முடிவில், செப்டம்பர் திங்களில், எஞ்சிநிற்கும் பனிப்பரப்பு எழுபது லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் இருந்தது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. உலகின் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவில் அப்பகுதி வெப்பமடைந்து வருவதாக 2022-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

பனி விலக விலக ஆசை முளைத்தது. அமெரிக்காவின் புவியியல் ஆய்வுத்துறை 2008-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. உலகில் இன்னும் கண்டுபிடிக்கப்படாத எண்ணெயில் 13 விழுக்காடும், எரிவாயுவில் 30 விழுக்காடும் வடதுருவ வட்டத்துக்குள் இருக்கலாம் என்பதே அம்மதிப்பீடு. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குச் செல்லும் கப்பல், சூயஸ் கால்வாய் வழியை விடுத்து ரஷ்யாவின் வடகரையை ஒட்டிச் சென்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரம் குறையும் என்பது மற்றொரு ஆசை. ஏவுகணைகளும் நீர்மூழ்கிக் கப்பல்களும் மறைந்து செல்ல ஏற்ற வழி என்பது மூன்றாவது.

2007 ஆகஸ்டு 2 அன்று ரஷ்யர்கள் சிறு நீர்மூழ்கியில் இறங்கி, நான்கு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், சரியாக வடமுனைக்குக் கீழே கடற்படுகையில் டைட்டேனியத்தால் ஆன தம் நாட்டுக் கொடியை ஊன்றினர். இது பதினைந்தாம் நூற்றாண்டு அன்று என்று அப்போதைய கனடா வெளியுறவு அமைச்சர் கண்டித்தார். ஆயினும் 1982-இல் உருவான ஐக்கிய நாடுகளின் கடல் சட்டத்தின்படி, கடலடி மேடு ஒன்று தன் நிலத்தின் தொடர்ச்சியே என மெய்ப்பிக்கும் நாடு, 200 கடல்மைலுக்கு அப்பாலும் அப்படுகையின் வளங்களுக்கு உரிமை கோரலாம். எனவே லொமனோசோவ் என்னும் கடலடி மலைத்தொடர் தன்னுடையது என ரஷ்யா 2001-இலும் மீண்டும் 2015-இலும், டென்மார்க் 2014-இலும், கனடா 2019-இலும் மனு அளித்தன. ஒரே மலைத்தொடர், மூன்று பட்டாக்கள்! எல்லையே அங்கு இல்லாத சீனா 2018-இல் தன்னை வடதுருவத்தை அடுத்த நாடு என அறிவித்துக்கொண்டது. கிரீன்லாந்தைத் தாமே பெறவேண்டும் என அமெரிக்க அதிபர் 2019-இலும் பின்னர் 2025-இலும் வெளிப்படையாகக் கூறினார். உக்ரைன் போர் 2022-இல் தொடங்கிய பின், அதுவரை விலகிநின்ற பின்லாந்து 2023-இலும் சுவீடன் 2024-இலும் நேட்டோ அணியில் சேர்ந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்பார்க்கப்படும் எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் பெரும்பகுதி, ஏற்கெனவே ஒவ்வொரு நாட்டுக்கும் ஐயமின்றி உரிய 200 கடல்மைல் எல்லைக்குள்ளேயே இருப்பதாக அறிஞர் கருதுகின்றனர். அஃதாவது, பெரும்பொருள் பற்றி வழக்கே இல்லை. அப்படியாயின் போட்டி எதற்காக? "நான் எடுக்காவிட்டால் அவர் எடுத்துக்கொள்வார்" என்னும் அச்சத்துக்காகவே. ஆசைக்கு ஓர் அளவு உண்டு. வயிறு நிறைந்தால் அது சற்றே ஓயும். அச்சத்துக்கு அளவில்லை. பிறரிடம் உள்ளது எத்துணை என்பதைப் பொறுத்தே அது வளரும்.

நம் மண்ணில் நடந்தது

இதனைப் புரிந்துகொள்ள நாம் வடதுருவம் வரை செல்ல வேண்டியதில்லை. நம்மில் பலருடைய சொந்த ஊர்கள் சூழ்ந்திருக்கும் வந்தவாசியே போதும்.

1760 ஜனவரி 22. தை மாதம், சம்பா அறுவடைக் காலம். வந்தவாசிக் கோட்டைக்கு அருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். முந்தைய நவம்பரில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அக்கோட்டையைக் கைப்பற்றியிருந்தார். அதை மீட்கப் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டார். கூட் படையுடன் திரும்பி வந்தார். லாலி தோற்றார், அவருடைய துணைத்தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். ஓராண்டு கழித்து, 1761 ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. ஆங்கிலேயர் அந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

அவர்கள் ஏன் வந்தவாசிக்காகப் போரிட்டனர்? வாணிபத்திலும் வரிவருவாயிலும் அவர்களுக்கு ஆசை இருந்தது உண்மையே. ஆனால் வந்தவாசிக் கோட்டைக்கு மதிப்பு வந்தது அதன் இருப்பிடத்தால். அது பிரெஞ்சுக்காரர் கையிலிருந்தால் சென்னைக்கு இடர். ஆங்கிலேயர் கையிலிருந்தால் புதுச்சேரிக்கு இடர். கைவிட இருவருக்கும் துணிவில்லை. நம் ஏரியின் நீரோ, வயலின் நெல்லோ, மலையிலுள்ள குகைப் பள்ளிகளோ அவர்கள் எண்ணத்தில் முதலிடம் பெறவில்லை. நம் முன்னோரிடம் எவரும் கருத்துக் கேட்கவுமில்லை. இரு படைகளிலும் இம்மண்ணைச் சேர்ந்த சிப்பாய்கள் இருந்தனர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

அப்போர் தனியே நடந்த ஒன்றன்று. ஐரோப்பாவில் மூண்ட ஏழாண்டுப் போரின் ஒரு கிளை அது. வந்தவாசிப் போருக்கு நான்கு திங்கள் முன்னர், 1759 செப்டம்பரில், கனடாவின் கியூபெக் நகரை அதே ஆங்கிலேயர் அதே பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். 1763-இல் பாரிசில் கையெழுத்தான ஒரே உடன்படிக்கையில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தரப்பட்டது. கனடா ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. பின்னாளில், 1880-இல், வடக்கே உள்ள பனித்தீவுகளைப் பிரிட்டன் கனடாவிடம் ஒப்படைத்தது. இன்று வடதுருவத்தில் கனடா கோரும் உரிமையின் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது. வந்தவாசி வயல்களையும் வடகோடிப் பனித்தீவுகளையும் ஒரே கூடத்தில், ஒரே மேசையில், அவ்விரண்டையும் கண்ணால் காணாதவர்கள் பங்கிட்டிருக்கிறார்கள்!

வென்றவர்களின் அச்சமாவது தீர்ந்ததா எனில், அதுவுமில்லை. பிரெஞ்சுக்காரர் ஒடுங்கியதும் மைசூர் பற்றிய அச்சம் எழுந்தது. 1767 செப்டம்பர் 3 அன்று செங்கத்திலும், 26 அன்று திருவண்ணாமலையிலும் ஆங்கிலப் படை, ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்த படையுடன் மோதியது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் அமைதியாக வலம்வரும் மலையின் சுற்றுப்புறத்தில் அன்று பீரங்கிகள் முழங்கின. போர்ச்செலவு ஆர்க்காட்டு நவாபின் கணக்கில் எழுதப்பட்டது. அவர் கடன்பட்டார், கடன் பெருகியது. 1801-இல் நவாபின் மரபினரிடமிருந்து கர்நாடகப் பகுதி முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது. எவருக்குத் துணையாக வந்ததாகச் சொன்னார்களோ, அவருடைய நாடே கடைசியில் மறைந்தது.

கொடிக்கம்பமான மனிதர்கள்

அன்று நம் ஊர்களுக்கு நேர்ந்தது இன்று வடக்கே வாழ்வோருக்கு நேர்கிறது. வடதுருவப் பகுதியை ஆளில்லா வெளி என்று நினைப்பது தவறு. அங்கே சுமார் நாற்பது லட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் இனூயிட் போன்ற தொல்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பனியோடு வாழக் கற்றவர்கள். வேட்டையும் மீன்பிடிப்புமே அவர்கள் பிழைப்பு. அவ்வாழ்க்கை முறையை நாம் ஏற்க இயலாது. ஆயினும் பயிர் விளையாத நாட்டில் பிறந்தவரை நம் அளவுகோலால் அளந்து இழித்துரைப்பதும் அறமன்று.

1953-லும் 1955-லும் கனடா அரசு இனூயிட் குடும்பங்கள் சிலவற்றை, தொண்ணூறு பேர் அளவில், கியூபெக்கின் வடபகுதி முதலிய இடங்களிலிருந்து பெயர்த்தெடுத்து, வடகோடித் தீவுகளில் கொண்டுபோய்க் குடியேற்றியது. அவர்களுள் பெரும்பாலோர் சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவு கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு வேட்டை நன்கு கிடைக்கும், விரும்பாவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பலாம் எனச் சொல்லப்பட்டது. அங்கே பல திங்கள் நீளும் இருளை அம்மக்களுள் பெரும்பாலோர் அதற்குமுன் அறிந்ததில்லை. திரும்ப அழைத்துச் செல்வதாகத் தந்த வாக்கும் காக்கப்படவில்லை. அத்தீவுகள் தன்னுடையவை என்று உலகுக்குக் காட்டும் எண்ணமும் அக்குடியேற்றத்தில் கலந்திருந்தது என்பதைக் கனடாவின் அரச ஆணையம் 1994-இல் எடுத்துரைத்தது. 2010 ஆகஸ்டில் அரசு மன்னிப்புக் கேட்டது. மனிதர்களைக் கொடிக்கம்பங்களாக நட்டார்கள் என்று அம்மக்களின் வழித்தோன்றல்கள் வருந்திச் சொல்கின்றனர்.

அதே 1953-இல் கிரீன்லாந்தின் தூலே என்னுமிடத்தில், அமெரிக்க விமானத் தளத்தை விரிவாக்குவதற்காக நூறு பேருக்குச் சற்று மேற்பட்ட இனூயிட்டுகள் சில நாள் அவகாசத்தில் தம் ஊரைவிட்டு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். 1999-இல்தான் டென்மார்க் நீதிமன்றம் அது தவறு எனக் கூறி இழப்பீடு வழங்கியது. இதற்கிடையே 1968 ஜனவரி 21 அன்று, நான்கு ஹைட்ரஜன் குண்டுகளை ஏந்திய அமெரிக்க விமானம் அத்தளத்துக்கு அருகே கடற்பனியில் விழுந்தது. கதிரியக்கப் பொருள் பனியில் சிதறியது. காவலுக்கென வைத்த ஆயுதமே காக்கப்பட்ட இடத்தைக் கெடுத்தது.

நாமும் விலக்கல்லர்

இவற்றையெல்லாம் மேலை நாட்டாரின் குற்றம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நம் நாட்டின் வடகோடியிலும் ஒரு பனிவெளி உண்டு. சியாச்சின் என்பது அதன் பெயர். சுமார் 76 கிலோமீட்டர் நீளமுள்ள பனியாறு. 1949-இலும் 1972-இலும் இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லைக்கோடு வரைந்தபோது, வரைபடத்தில் ஒரு புள்ளியோடு நிறுத்திவிட்டு அப்பால் உள்ள பனியைக் கோடிடாமல் விட்டனர். அங்கு யார் போகப்போகிறார்கள் என்பதே எண்ணம். ஆனால் மற்றவர் முந்திவிடுவார் என்னும் ஐயம் இருபுறமும் வளர்ந்தது. 1984 ஏப்ரல் 13 அன்று நம் படை முதலில் மேலேறியது. அன்று முதல் ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்திலும் இரு நாட்டு வீரர்கள் காவல் நிற்கின்றனர். அங்கே குண்டுக்கு இரையானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இரையானவர்களே மிகுதி. 2012 ஏப்ரல் 7 அன்று கயாரி என்னும் பாகிஸ்தான் முகாமில் 140 பேர் பனிச்சரிவில் புதைந்தனர். 2016 பிப்ரவரி 3 அன்று நம் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனியில் புதைந்தனர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் மருத்துவமனையில் இறந்தார். அப்பதின்மருள் நால்வர் தமிழ்நாட்டவர்; ஒருவர் நம் அண்டை மாவட்டமான வேலூரைச் சேர்ந்தவர். வெயில் காயும் மண்ணில் பிறந்த பிள்ளை பனியில் புதைந்த செய்தியைப் படித்த அன்று என்னால் உணவு கொள்ள இயலவில்லை.

அவ்வீரர்களின் கடமையுணர்வை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாட்டைக் காப்பது இல்லறத்தார் கடமைகளுள் ஒன்று. தாக்க வருபவரைத் தடுக்கும்போது நேரும் விரோதி ஹிம்சையை நம் பெரியோர், வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சையினின்று பிரித்தே கூறியுள்ளனர். நான் சொல்ல வருவது இது: பொருளாசை சிறிதும் இல்லாத இடத்திலும், அச்சம் ஒன்றே மனிதரைப் பனியில் கொண்டுபோய் நிறுத்தவல்லது.

இருவகை எல்லைகள்

எல்லைகள் இருவகை. பிறர் உள்ளே வராதிருக்க இடும் எல்லை ஒன்று. நான் வெளியே போகாதிருக்க எனக்கே இட்டுக்கொள்ளும் எல்லை மற்றொன்று. உலகம் முன்னதை மட்டுமே அறியும். பின்னதை நமக்கு அறிவுறுத்துவது, சிராவகருக்குரிய பன்னிரு விரதங்களுள் குணவிரதங்களின் முதலாவதாக வைக்கப்பட்ட திக்விரதம்.

கடல், ஆறு, காடு, மலை என எல்லோரும் அறிந்த அடையாளங்களைக் கொண்டு பத்துத் திசைகளுக்கும் ஓர் அளவு வகுத்து, அதற்கு அப்பால் வாழ்நாள் முழுதும் செல்வதில்லை எனத் துணிவது திக்விரதம். அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கு நம்மால் ஊறு இல்லை. பொருள்களின் மீது நமக்கு ஆசையும் இல்லை. எனவே அவ்வெல்லைக்கு வெளியே இல்லறத்தானின் அணுவிரதமும் மகாவிரதத்துக்கு ஒப்பாகிறது என்று ஆசாரியர் கூறுவர். அதன் அதிசாரங்களாகச் சொல்லப்பட்டவற்றை எண்ணிப் பாருங்கள்: மேலே எல்லை கடத்தல், கீழே எல்லை கடத்தல், பக்கவாட்டில் கடத்தல், ஒரு திசையில் குறைத்து மற்றொரு திசையில் கூட்டிக்கொள்ளுதல், இட்ட எல்லையை மறந்துபோதல். வானில் ஏவுகணை, கடலடியில் கொடி, பக்கத்தில் தீவு, அங்கே விட்டோம் ஆகையால் இங்கே எடுப்போம் என்னும் வாதம், கையெழுத்திட்ட உடன்படிக்கையை மறத்தல் - ஐந்தும் இன்றைய நாளிதழில் உள்ளன.

பிள்ளைகள் கடல்கடந்து பணிபுரியும் இந்நாளில் திக்விரதம் பொருந்துமா எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எல்லை அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்பது அவரவர் வாழ்வைப் பொறுத்தது. எல்லை என ஒன்று இருக்கவேண்டும். அதை நாமே இட்டிருக்க வேண்டும். நம் ஆசைக்கு எதிராக இட்டிருக்க வேண்டும். விரதத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நாடுகள் விரதம் ஏற்குமா?

தனி மனிதர் விரதம் ஏற்கலாம். நாடு ஏற்றால் அடுத்த நாடு விழுங்கிவிடாதா என்பது வலுவான வினா. ஒருவர் மட்டும் பின்வாங்கினால் அவரை நம்பியிருப்போர் துன்புறுவர் என்பதை மறுக்க இயலாது. ஆனால் பலர் கூடி ஒரே நாளில் ஏற்கும் விரதத்துக்கு அவ்வச்சம் இல்லை. இது வெறுங்கனவன்று, நடந்திருக்கிறது.

தென்துருவக் கண்டத்தின் மீது ஏழு நாடுகள் உரிமை கோரிவந்தன. 1959 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கடும்பகை கொண்டிருந்த காலத்திலேயே, பன்னிரண்டு நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பழைய உரிமைக் கோரிக்கைகளை ஏற்பதுமில்லை, மறுப்பதுமில்லை; புதிதாக ஒன்றும் கோருவதில்லை; படைத்தளம் அமைப்பதில்லை; அணுகுண்டு வெடிப்பதில்லை என்பன அதன் விதிகள். 1983-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 1991-இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த மற்றோர் உடன்பாடு, அங்கே கனிமம் தோண்டுவதையும் தடைசெய்தது. இந்தியாவைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட நிலப்பரப்பு இவ்வாறு எவர் உடைமையுமாகாமல் நிற்கிறது.

வடக்கிலும் அத்தகைய முயற்சி உண்டு. 2018 அக்டோபர் 3 அன்று கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில், ரஷ்யா, அமெரிக்கா, சீனா, கனடா, நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. வடதுருவக் கடலின் நடுவே எந்நாட்டின் எல்லைக்கும் உட்படாத 28 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பதினாறு ஆண்டுகள் வாணிப நோக்கில் மீன்பிடிப்பதில்லை என்பதே அது. 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே போரால் இந்நாடுகளின் உறவு சீர்குலைந்தது. எனினும் அவ்வுடன்பாடு கலைக்கப்படவில்லை. நம் மரபில், வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம் எனவும், காலவரையறையுடன் ஏற்பது நியமம் எனவும் கூறுவோம். நாடுகள் தம்மை அறியாமலே ஒரு நியமத்தை ஏற்றிருக்கின்றன. மீன்பிடிப்பதில் சிலருக்குக் கருணை எழுந்ததால் அன்று, மீன்வளம் பற்றி இன்னும் அறியவில்லை என்பதாலேயே அவ்வாறு செய்தனர். ஆயினும் அப்பதினாறு ஆண்டுகளில் வலையில் சிக்காமல் பிழைக்கும் உயிர்கள் எத்தனை!

இன்னும் இலாபம் தராததைத் துறப்பது பெரிய துறவா எனக் கேட்கலாம். விரதம் ஏற்க அதுவே உரிய காலம் என்பேன். ஆசை முற்றிய பின் எல்லை இடுவது எவர்க்கும் அரிது. வரப்பு அகலமாயிருக்கும்போதே அதைத் தொடுவதில்லை எனத் துணிதல் எளிது.

நம் வீட்டு அளவில்

நார்வேக்குரிய சுவால்பார்டு தீவில் இந்தியா 2008 முதல் ஹிமாத்ரி என்னும் ஆய்வு நிலையத்தை நடத்திவருகிறது. வடதுருவப் பனிக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. எங்கோ உருகும் பனி நம் ஏரிக்கு வரும் நீரோடு தொடர்புடையது எனில், நம் வீட்டில் எரியும் எண்ணெயும் அப்பனியோடு தொடர்புடையதே. எண்ணெயை எரித்தோம், பனி உருகியது, உருகிய இடத்தில் எண்ணெய் இருக்கிறதாம், அதை எடுத்து எரிக்கப் போட்டி! இந்த வட்டத்தில் நமக்குப் பங்கில்லை என்று எவர் சொல்லவல்லார்? வல்லரசு வாங்குவோரை நம்பியே தோண்டுகிறது. தேவைக்கு மேல் விரும்பாமை என்னும் அணுவிரதம் நம் வீட்டு முற்றத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது வடமுனை வரை செல்லும்.

எங்கள் ஊர் வழக்கு எவ்வாறு முடிந்தது எனச் சொல்லி நிறுத்துகிறேன். பஞ்சாயத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், யார் முதலில் செதுக்கியது என விசாரிக்கவே இல்லை. நிலத்தை அளக்கச் சங்கிலியும் கொண்டுவரச் சொல்லவில்லை. இருவரும் தத்தம் நிலத்தில் ஒரு சாண் விட்டு, ஒரே நாளில், ஒருவர் மண்வெட்டியை மற்றவர் வாங்கி வரப்பைப் போடவேண்டும் என்றார். முதலில் இருவரும் முணுமுணுத்தனர், பிறகு போட்டனர். அடுத்த ஐப்பசி மழைக்கு அது அசையவில்லை.

நான் பள்ளிக்கு நடந்து சென்றது அவ்வரப்பின் மீதுதான்.